வளையாத தட்டும் 70 வளைவுகளும்

சங்கப் பாடல்களின் வழியே வல்வில் ஓரியின் மலையாக நாம் அறிந்த கொல்லிமலை, இன்றைய ஊர்தி ஓட்டுநர்களுக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளின் மலையாகவே அறிமுகமாகிறது. மலைமேல் உள்ள ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்னும் பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, எடப்புளி நாடு என நீளும் இவற்றில் எந்த நாட்டவராயினும், மிளகையும் அன்னாசியையும் விற்கவோ பெரிய மருத்துவமனைக்குச் செல்லவோ சமவெளிக்கு வரவேண்டுமெனில், மலைப்பாதையில் இறங்கியே ஆக வேண்டும்.

இத்தகைய பாதைகளில் அடிக்கடி இறங்கும் கார்களில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தோன்றுவதுண்டு. சமவெளிக்கு வந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறும். பெடல் காலுக்கடியில் துடிக்கும். பட்டறையில் 'டிஸ்க் பெண்டாகிவிட்டது' என்று சொல்லி, தட்டை லேத்தில் கடைந்தோ புதிதாக மாற்றியோ தருவர். சில மாதங்களில் உதறல் மீண்டும் வந்து சேரும். பணம் போவது ஒருபுறம். மலையிறங்கும் வண்டியின் பிரேக்கை நம்ப இயலாத நிலை மறுபுறம். தட்டு உண்மையில் வளைகிறதா என்னும் வினாவுக்கு விடை காண, பிரேக்கின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே இறக்கங்கள் குறுக்கிடுகின்றன. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்தா பென்ஸ் அம்மையார் தம் மைந்தர் இருவருடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரோட்டிச் சென்றார். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்து போகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் அடித்துக்கொண்டார். பிரேக் லைனிங் என நாம் இன்று வழங்குவதன் தொடக்கம் இதுவே என்பர். இங்கிலாந்தின் மலைப்பாங்கான டெர்பிஷையர் பகுதியில், இறக்கங்களில் குதிரை வண்டிகள் படும் பாட்டைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897இல் உராய்வுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். அவர் நிறுவியதே ஃபெரோடோ நிறுவனம்.

1902ஆம் ஆண்டில் இரு வழிகள் பிரிந்தன. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். வென்றது டிரம்மே. ஆனால் டிரம் வெப்பத்தைத் தன்னுள்ளேயே அடைத்து வைப்பது. சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களை விட்டு விலகும்; பெடல் ஆழ இறங்கும்; பிடிமானம் குறையும். டிஸ்க்கோ காற்றில் திறந்து சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களிலும் டிஸ்க்குகள் இடம்பெற்றன. தமிழகத்திலும் பிரேக் உற்பத்திக்கு நீண்ட மரபுண்டு. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் சென்னையில் தொடங்கப்பெற்றது.

டிஸ்க் வந்தபின் புதிய குறையொன்றும் உடன் வந்தது. அதுவே நாம் முன்னர்க் கண்ட உதறல். சூடான இரும்பு வளையும் என்பது எவருக்கும் எளிதில் தோன்றும் விளக்கமாதலால், 'வளைந்த தட்டு' என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் (1932–2003) இப்பெயரையே மறுத்தார். வளைந்ததாகக் கருதப்படும் தட்டுகளில், பேடின் பொருள் சீரின்றி ஒட்டியிருப்பதே உண்மைக் குறை என்பது அவர் கருத்து. தட்டு சூட்டில் சிறிதும் உருமாறுவதில்லை என்று இதற்குப் பொருளன்று. உராயும் பரப்பில் சற்றே மேடான இடம் மிகுதியாகச் சூடேறி விரிந்து, அதனாலேயே மேலும் அழுத்தம் பெற்றுச் சூடேறும் என்பதை ஜே. ஆர். பார்பர் 1969இல் விளக்கியிருந்தார். ஆயினும், ஆறிய பின்னும் நீடிக்கும் உதறலுக்குப் பெரும்பாலும் காரணம் தட்டின் கோணல் அன்று. அதன் கனத்தில் இடத்துக்கிடம் உள்ள வேறுபாடே. ஏறத்தாழ 0.02 மி.மீ. வேறுபாடே காலுக்குத் தெரியப் போதுமானது.

இவ்வேறுபாடு தோன்றும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. முதல் வழி வெப்பத்தினுடையது. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் ஆற்றல் 30 பாகைச் சூட்டில் உள்ள சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். என்ஜின் இதில் பங்கேற்காவிடில், பெரும்பகுதியைப் பிரேக்குகளே ஏற்க வேண்டும். இவ்வாறு காய்ந்த நிலையில் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தால், பேடின் பொருள் தட்டில் ஓரிடத்தில் அச்சாகப் பதிகிறது. அவ்விடம் அடுத்தடுத்த பிரேக்கில் மேலும் சூடேறி, ஏறத்தாழ 650 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால், வார்ப்பிரும்பு அங்கே சிமென்டைட் என்னும் கடினப் பொருளாக மாறத் தொடங்குகிறது. சுற்றியுள்ள இரும்பு தேய, இது தேயாமல் மேடாகிறது. கடினப் பகுதி மேற்பரப்புக்குக் கீழும் செல்வதால், லேத்தில் கடைந்த தட்டும் சில காலத்தில் பழைய நிலைக்கே திரும்புகிறது.

இரண்டாம் வழி பொருத்துதலினுடையது. ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்க, அதைத் தேய்த்து நீக்காமல் புதிய தட்டைப் பூட்டினால் அது சற்றே சாய்ந்து சுழலும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒரே இடத்தில் பேடை உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அவ்விடம் தேய்ந்து மெலியும். புதுத்தட்டு முதலில் நன்றாக இருந்து பின்னர் உதறுவதன் மறைபொருள் இதுவே. வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்குவதும், கேலிப்பரின் பின்கள் இறுகிப் பேடு தட்டை விட்டு விலகாதிருப்பதும் இவ்வகையினவே.

ஆகவே தட்டை மாற்றுமுன் அளவெடுக்க வேண்டும். டயல் கேஜை விளிம்பருகே வைத்துத் தட்டைச் சுழற்றினால் சாய்வு தெரியும்; தயாரிப்பாளர்கள் பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரையே இதற்கு இடந்தருவர். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் கனம் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஹப் முகத்தைப் பளிச்சென்று துலக்கி, சாய்வு மிகுந்தால் தட்டை வேறு துளையில் திருப்பிப் பூட்டிப் பார்த்து, நட்டுகளை எதிரெதிராக டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கனம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதே முறை. புதிய பேடுகளை, முழுமையாக நிறுத்தாமல் வேகத்தை மட்டும் பலமுறை குறைத்துப் பழக்கி, பின் ஆறவிட வேண்டும்.

மலையிறங்கும் முறையும் இம்மருத்துவத்தின் பகுதியே. ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் ஓட்டுநர் மரபு, மேற்சொன்ன வெப்பக் கணக்கை அறிந்தவர் வகுத்தது போலவே அமைந்துள்ளது. நியூட்ரலில் உருளவிடாது, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து இறங்கி, அடிவாரம் வந்ததும் உடனே நிறுத்தாமல் ஒரு கிலோமீட்டராவது மெல்ல ஓட்டித் தட்டுகளைக் காற்றில் ஆறவிடுவது நலம். நிறுத்திய பின் கால்பிரேக்கை மிதித்தவாறு இருத்தல் கூடாது.

குறைக்கு இடும் பெயரே பல சமயங்களில் தீர்வையும் முடிவு செய்துவிடுகிறது. 'வளைந்தது' என்று சொல்லிவிட்டால், மாற்றுவதைத் தவிர வேறு வழி தோன்றாது. 'எங்கே கனத்தது, ஏன் கனத்தது' என்று கேட்டால், ஒரு கம்பித் தூரிகையும் ஓர் அளவுகோலும் பல தட்டுகளைக் காக்கும். எடப்புளி நாட்டிலிருந்து இறங்குவோர் தம் பிரேக்கை நம்பி இறங்கலாம்.