தெஹிவளையிலிருந்து புளோரிடாவுக்கு: ஒரு மலைப்பாம்பின் வமிச வரலாறு

வெள்ளவத்தைக்குத் தெற்கே அடுத்த ஊர் தெஹிவளை. இன்று நாம் பிள்ளைகளை அழைத்துச்செல்லும் மிருகக்காட்சிச்சாலை, பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1920களின் பிற்பகுதியில், ஐரோப்பாவுக்கு அனுப்பவிருந்த விலங்குகளை அடைத்துவைக்க ஜோன் ஹகன்பெக் என்ற ஜேர்மானிய வணிகர் அமைத்த பட்டி அது. அவருடைய நிறுவனம் முறிந்ததும் 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. மறு ஆண்டே தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது.

1945இல் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளர் பி. ஈ. பி. தெரணியகல, இலங்கை மலைப்பாம்பைத் தனி உபஇனமாக விவரித்து, 'பிம்புரா' என்ற சிங்களப் பெயரையே அதற்குச் சூட்டினார். நம்மவர் வெங்கிணாந்தி என்பதும் இதனைத்தான். இந்தியப் பாம்பிலிருந்து பிரிக்கப் போதிய வேறுபாடில்லை என்று பின்வந்தோர் அப்பெயரைக் கைவிட்டனர். ஆனாலும், இந்தப் பாம்பு எந்த மண்ணுக்குரியது என்ற அவருடைய கேள்வி வீணானதல்ல. செல்லப்பாம்பு வணிகம் அழித்தது அந்தக் கேள்வியைத்தான்.

நடந்தது இதுதான். இந்திய மலைப்பாம்பை அமெரிக்கா 1976இல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பர்மிய மலைப்பாம்போ தாராளமாக விற்பனையானது. 2009 வரை இரண்டும் ஒரே இனத்தின் கிளைகளாகவே கருதப்பட்டன. கூண்டுக்குள் இரண்டையும் இணைத்தால் பிறக்கும் குட்டிகள் மலடல்ல. அவற்றை மீண்டும் பர்மியப் பாம்புகளுடன் சேர்த்தால், சில தலைமுறைகளில் கண்ணுக்கு எல்லாம் பர்மியமே. ஆனால் தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் இழைமணி மரபணு அழிவதில்லை. மூதாதைப் பாட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுக்கவும் செய்தது. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட ஏறத்தாழ 400 'பர்மிய' மலைப்பாம்புகளை அமெரிக்க புவியியல் ஆய்வகத்தினர் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். 13 பாம்புகளில் இந்தியப் பாம்பின் தாய்வழி அடையாளம் இருந்தது. பர்மியப் பாம்பு ஈரநிலத்தை விரும்புவது. இந்தியப் பாம்பு உலர்நிலத்திலும் வாழக்கூடியது. கலப்புப் பாம்பு இரண்டிலும் பரவக்கூடும் என்பதே ஆய்வாளரின் கவலை.

கலப்பு ஒருபுறமிருக்க, நெருங்கிய உறவுக்குள் இணைப்பதும் இத்தொழிலில் வழக்கம். வெளிறிய நிறம் பின்னடைவான இயல்பு. தாய், தந்தை இருவரிடமும் அந்த மரபணு இருந்தால்தான் குட்டியில் வெளிப்படும். எனவே தந்தையை மகளுடன் சேர்க்கின்றனர். ஆபிரிக்கப் பந்து மலைப்பாம்பில் 'சிலந்தி' என்ற கோலத்தோடு ஒரு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை ஆடும், இரையைக் குறிதவறிக் கொத்தும். இதையறிந்தும் பெருக்கி விற்பதை அழகுணர்ச்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய பந்து மலைப்பாம்புகள்தாம் இன்று பயணப்பெட்டிகளில் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகின்றன.

புளோரிடாவினர் 2017இல் உதவிக்கு அழைத்தது தமிழ்நாட்டின் இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடிப் பெண்பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.