தருமபுரி மாவட்டத்தில் வணிக வரிகள்

தருமபுரி மாவட்டத்து வணிகர் கட்டும் வரி ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்று மூன்று கருவூலங்களுக்குப் போகிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி பெரும்பாலும் அதில் கரைந்தது. பெட்ரோல், டீசல், மதுபானம் போன்ற சிலவே மாநிலத்தின் கையில் தங்கின. இம்மாவட்டத்தில் நடக்கும் புளி வணிகமே இதற்குச் சான்று. உலர்ந்த புளிக்கு இருந்த 5 விழுக்காடு வரி 2019 அக்டோபரில் நீங்கியது சென்னையின் ஆணையால் அல்ல, ஜி.எஸ்.டி. மன்றத்தின் முடிவால்.

உள்ளாட்சிக்கு எஞ்சியவற்றுள் விவாதத்துக்குரியது தொழில் வரி. மேற்கு எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இதை மாநில வணிகவரித் துறை வசூலிக்கிறது. தமிழ்நாட்டில் நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி ஆகியவையே அரையாண்டுக்கு ஒருமுறை தண்டிக்கொள்கின்றன. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. 75,000 ரூபாயைத் தாண்டினால் அனைவருக்கும் ஒரே உச்சப் படி. பாலக்கோட்டில் மாதம் 13,000 ரூபாய் ஈட்டும் கடைக்காரரும் அதே ஊரில் லட்சங்களில் ஈட்டுபவரும் கட்டுவது ஒரே தொகைதான். உள்ளாட்சி விரும்பினாலும் இதைப் பெரிதாக மாற்ற இயலாது. அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆம் உறுப்பு ஆண்டு வரம்பை முதலில் 250 ரூபாய் என்றது. 1988-இல் 60-ஆம் திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதன் பின் விலைவாசி பன்மடங்கு ஏறியும் வரம்பு அசையவில்லை. 15-ஆவது நிதிக் குழு 18,000 ரூபாயாக உயர்த்தப் பரிந்துரைத்தது. அதற்குரிய திருத்தம் வரவில்லை.

தொழில் வரி உறைந்து கிடக்க, சுமை கட்டடத்தின் மீது ஏறியது. 2022 சொத்து வரிச் சீராய்வில் நகராட்சிகளின் வணிகக் கட்டடங்களுக்கு வரி இருமடங்கானது. வாடகைக் கடைக்காரர்களுக்கு இது வாடகை உயர்வாகவே வந்து சேர்ந்தது.

அண்மைய சர்ச்சை நிலத்தடியைப் பற்றியது. கனிம நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்தது. கருங்கல் வெட்டியெடுக்கப்படும் தருமபுரிக்கு இது நேரடியான செலவு. கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் அம்மாதமே மாநிலமெங்கும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.