நிலவின் நிழற்குழி

உட்லண்ட்ஸில் உச்சிவேளையில் நம் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். மாலையில் சூரியன் சாயும்போதுதான் ரப்பர் மரங்களின் நிழல் நிரை தாண்டி நீளும். நிலவின் தென்முனையில் எந்நாளும் அந்தச் சாய்வெயில்தான்.

அங்கே விண்கல் மோதி உண்டான பள்ளம் ஒன்று, 21 கிலோமீட்டர் அகலம், 4 கிலோமீட்டர் ஆழம். பனிக்கண்டத்தில் அலைந்த ஷேக்கிள்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள், பொருத்தம்தான். விளிம்பில் வெயில் படும். அடியிலோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருட்டு. அந்தக் குளிரில் பனிக்கட்டி விழுந்தால் உருகவே வழியில்லை.

2008 நவம்பர் 14ஆம் நாள், சந்திரயான்-1 இறக்கிவிட்ட சிறு கலம், மூவண்ணக்கொடி தீட்டியது, இப்பள்ளத்தருகே மோதியது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். அதே சந்திரயானில் சென்ற அமெரிக்கக் கருவியின் பதிவுகளை ஆராய்ந்து, முனைப்பகுதி நிழற்குழிகளில் பனிக்கட்டி உண்டென்று 2018இல் அறிவித்தார்கள்.