பாரிசுக்குச் சென்ற பாரடைஸ் மீன்

வீட்டு மீன்தொட்டியின் வரலாற்றில் இரண்டு நகரங்களைத் தவிர்க்க இயலாது. முதலாவது இலண்டன். அங்கே 1850ஆம் ஆண்டையொட்டி இராபர்ட் வாரிங்டன் எனும் வேதியியலார், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா எனும் நீர்ச்செடியையும் வளர்த்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாவது நகரம் பாரிஸ். 1869ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த பாரடைஸ் மீன்கள் பியேர் கார்போனியே என்பவரிடம் வந்து சேர்ந்தன. மின்வெப்பமூட்டியோ மின்காற்றுக்குழாயோ இல்லாத காலம் அது. அந்நெடும்பயணத்தை அவை எவ்வாறு தாங்கின? இவ்வின மீன்களின் செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக 'லேபிரிந்த்' எனும் உறுப்பு உண்டு. நீரில் உயிர்வளி குறைந்தால், மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். நம் பனையேறிக் கெண்டையும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. பாரடைஸ் மீனோ 16 பாகை செல்சியஸ் குளிர்நீரையும் தாங்கும்.

கார்போனியே அவற்றை இனப்பெருக்கம் செய்யவைத்து, தாம் கண்டதை அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார். ஆண்மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளை ஊதிக் கூடு கட்டுகிறது. பெண்மீன் இட்ட முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கிறது. பின்னர்த் தாயையே விரட்டிவிட்டுத் தனியாகக் காவல் காக்கிறது! பிள்ளை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரியது என்று எண்ணும் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால், 'எதையும் தாங்கும் மீன்' என்ற பெயரே இவ்வினத்துக்குத் தீங்காயிற்று என்பது என் கருத்து. இதன் உறவான சண்டை மீனைக் கையளவுப் புட்டியில் அடைத்து விற்பதை நம் கடைகளில் காணலாம். காற்றைச் சுவாசிக்கும் திறன், தன் கழிவிலிருந்து கசியும் அம்மோனியா நஞ்சிலிருந்து மீனைக் காப்பதில்லை. மேலும், குஞ்சுகளுக்கு முதற்சில வாரங்களில் லேபிரிந்த் உறுப்பு வளர்ந்திருக்காது; அவை நீரிலுள்ள உயிர்வளியையே நம்பியுள்ளன. வாரிங்டன் நட்ட செடியின் தேவை இங்கேதான் விளங்குகிறது. செடி கழிவின் ஒரு பகுதியை உறிஞ்சும். மிதக்கும் இலைகள் குமிழிக்கூடு கலையாமல் தாங்கும். விரட்டப்படும் பெண்மீனுக்கு ஒளிவிடமும் கிடைக்கும்.

வகுப்பறையில் இம்மீனை வளர்க்க விரும்புவோர் ஓர் ஆண்மீனை மட்டும் வைப்பது நன்று. இரண்டு ஆண்கள் ஓயாமல் பொருதும். தொட்டிக்கு மூடி வேண்டும். இது துள்ளும் மீன். ஆயினும், மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரற்கிடை காற்றுவெளி விட மறவாதீர்.