வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்த பிறகு... இங்கிலாந்தின் 700 ஆண்டுக் கதை

பெற்றோர் தம் காலத்திலேயே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவைப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம்தான். எழுதிக்கொடுத்த பிறகு அந்த முதியவருக்குத் தங்க இடம் தரவேண்டியது யார்? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து காலத்துக்கு ஒரு பதில் சொல்லி வந்திருக்கிறது.

1294-ல் பெட்ஃபோர்ட்ஷயரில் கிரான்ஃபீல்டு என்னும் ஊரில், எலியாஸ் என்பவர் தன் வீட்டையும் நிலத்தையும் மகன் ஜானிடம் ஒப்படைத்தார். பண்ணை நீதிமன்ற ஏட்டில் நிபந்தனைகளும் பதிவாயின. எலியாஸும் மனைவி கிறிஸ்டீனும் உயிரோடு இருக்கும்வரை ஜான் சோறு தண்ணீர் தரவேண்டும். பெரிய வீட்டிலேயே அவனோடு அவர்கள் இருக்கலாம். அடுத்த வரிதான் சுவாரஸ்யமானது. சண்டை வந்து ஒத்துப்போகவே முடியாமல் போனால், இருவரும் கௌரவமாக வசிக்கத் தனி வீடும் தோட்டமும் தரவேண்டும். அதோடு கோதுமை, பார்லி, அவரை, பட்டாணி, ஓட்ஸ் என்று இன்னின்ன தானியம் இவ்வளவு என அளந்து கொடுக்கவேண்டும். சண்டை வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

இதுபோன்ற ஒப்பந்தங்கள் அக்காலப் பண்ணை ஏடுகளில் நிறையவே உண்டு. அன்று வீட்டைக் கைமாற்றுவதுதான் முதுமைக்கான ஏற்பாடு.

1601-ன் ஏழைச் சட்டம் அந்தப் பொறுப்பை ஊர்த் திருச்சபை வட்டாரத்திடம் கொடுத்தது. வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோரைக் காப்பாற்றவேண்டும் என்றும் அது சொன்னது. 1834-க்குப் பிறகு நாதியற்ற கிழவர்கள் பலருக்கு "வொர்க்ஹவுஸ்" என்ற ஏழை விடுதிதான் கதி. அதன் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினார்கள்.

5 ஜூலை 1948 அன்று நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம் ஏழைச் சட்டத்தை ஒழித்தது. பெற்றோரைப் பிள்ளை காப்பாற்றவேண்டும் என்ற சட்டக் கடமையும் அதோடு போயிற்று. பராமரிப்பு தேவைப்படும் முதியவருக்கு இல்லம் தருவது கவுன்சிலின் வேலை ஆனது. ஆனால் இலவசம் அல்ல, வசதிக்கேற்பக் கட்டணம் உண்டு. சொந்த வீடும் வசதிக் கணக்கில் சேரும். சிக்கல் இங்கேதான் முளைத்தது. அதுவரை அன்பின் அடையாளமாக இருந்த கைமாற்றம் இப்போது சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. "கட்டணத்திலிருந்து தப்பிக்கத்தானே எழுதிக்கொடுத்தீர்கள்?"

1980-ன் வீட்டுவசதிச் சட்டம் கவுன்சில் வீட்டு வாடகைதாரர்களுக்கு, குடியிருந்த ஆண்டுகளைப் பொறுத்து 33 முதல் 50 சதவீதம் தள்ளுபடியில் அந்த வீட்டையே வாங்கும் உரிமை கொடுத்தது. எழுதிவைக்க வீடே இல்லாதிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. 1983-ல் இன்னொரு சட்டம்: இல்லத்தில் சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள், கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கில் சொத்தை மாற்றியிருந்தால், வாங்கிக்கொண்டவரிடமே கவுன்சில் வசூலிக்கலாம். ஆறு மாதம் தாண்டினால் தப்பித்தோம் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து மூதாட்டி ஒருவர், இல்லத்தில் சேர்வதற்கு ஓராண்டுக்கும் முன்பே வீட்டைப் பேத்திக்கு எழுதிக்கொடுத்திருந்தார். 2000-ல் நீதிமன்றம் சொன்னது: அந்த வீடு இன்னும் அவரிடமே இருப்பதாகக் கணக்கிட எந்தக் காலவரம்பும் இல்லை, நோக்கம்தான் முக்கியம். இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டம் பிள்ளையிடம் வசூலிப்பதற்கு இருந்த ஆறு மாத வரம்பையும் எடுத்துவிட்டது.

சரி, நோய் நொடி எதுவும் இல்லை, வீட்டை வாங்கிக்கொண்ட மகன் வெளியே போகச் சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடற்றோருக்கு உதவும் கடமையைக் கவுன்சில்கள் மீது சுமத்தியது 1977-ன் சட்டம்; ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. அதிலும் ஒரு முள் உண்டு. இருக்கத்தக்க வீட்டைத் தன் செயலாலேயே இழந்தவர் "வேண்டுமென்றே வீடிழந்தவர்" ஆகலாம். அப்படி முடிவானால் நிரந்தர ஏற்பாட்டுக்கான முழு உதவி கிடையாது. 1996 சட்டமும் இதையே தொடர்ந்தது. முக்கியமான உண்மை ஒன்றை அறியாமல் நல்லெண்ணத்தில் செய்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் 2017-ல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிர்காலத்தைப் பற்றிய வெறும் நம்பிக்கை அத்தகைய உண்மை ஆகாது என்றது.

மகன் பார்த்துக்கொள்வான் என்பது எந்த வகை? எலியாஸ் அதை நம்பிக்கையாக விடாமல், தனி வீடு, தானியம் என்று ஏட்டிலேயே ஏற்றிவிட்டார்.