தொலைவிலிருந்து கேட்கும் மழலை: காணொளிவழிப் பேச்சுமொழி மதிப்பீடு கடந்துவந்த பாதை

மனிதக் குரலைத் தொலைதூரத்திற்குக் கொண்டுசென்ற தொலைபேசி, பேச்சு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கையில் உருவானது. 1876இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், பாஸ்டன் நகரில் செவித்திறன் குன்றியோருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்தவர். ஒலிகள் பிறக்கையில் நாவும் உதடும் கொள்ளும் நிலைகளைக் குறியீடுகளால் காட்டும் முறையைத் தம் தந்தையாரிடம் கற்று, வகுப்பறையில் பயன்படுத்தினார். அவர் மணந்த மேபல் அம்மையாரோ இளவயதிலேயே செவிப்புலனை இழந்து, பிறரின் உதட்டசைவைக் கண்டு பேச்சை உணர்ந்தவர். கணவர் படைத்த கருவி குரலைச் சுமந்தது, முகத்தைச் சுமக்கவில்லை. பேச்சு காதுக்கு மட்டுமின்றிக் கண்ணுக்கும் உரியது என்பதை இவ்வரலாறு தன் தொடக்கத்திலேயே நமக்கு உணர்த்திவிடுகிறது.

குழந்தையின் பேச்சையும் மொழியையும் மதிப்பிடுபவர் பலவற்றைக் கவனிக்கிறார். எந்த ஒலி திரிகிறது, எத்தனை சொற்கள் வசப்பட்டுள்ளன, சொன்னதைக் குழந்தை புரிந்துகொள்கிறதா, படத்தைக் கண்டு எவ்வாறு விவரிக்கிறது என்பன அவற்றுள் சில. தொலைவிலிருந்து இதைச் செய்யும்போது, இடையில் நிற்கும் கருவி எதைச் சுமக்கிறது, எதைக் கைவிடுகிறது என்னும் கேள்வி எழுகிறது. பழைய தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்தியது. ஸகர ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்சுக்கு மேல் அமைவது. ஆகவே, ஒரு குழந்தை அவ்வொலியைச் சரியாக உச்சரித்ததா என்பதைத் தொலைபேசியால் உறுதிப்படுத்துவது கடினமாயிற்று.

படமும் குரலும் இணைந்து பயணிக்கும் முயற்சி மருத்துவத் துறையில் பின்னர்த் தொடங்கியது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநலக் கழகம் 1959இல் இருவழித் தொலைக்காட்சியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியது. 1964இல் 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையுடன் அத்தொடர்பு நீண்டது. 1970களில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், குவெனித் வான் என்னும் அறிஞர் படைவீரர் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வழியாகப் பேச்சுச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை வகுத்தார். 2005இல் அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம், தொலைவழிச் சேவை ஏற்புடையதே என அறிவித்தது. அதன் தரம் நேரடிச் சேவைக்கு ஈடாக இருத்தல் வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

ஈடாக இருக்க முடியுமா என்பதைக் குழந்தைகளிடம் முறையாகச் சோதித்தவர்களுள் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அம்மாநிலத்தில், வல்லுநரைக் காண நெடுந்தூரம் பயணம் செய்யவேண்டிய குடும்பங்கள் பல. 2010இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், 5 முதல் 9 வயதுக்குட்பட்ட 25 பிள்ளைகள் பங்கேற்றனர். ஒரே பிள்ளையின் விடைகளை நேரில் இருந்த வல்லுநரும் இணையவழி கண்ட வல்லுநரும் ஒரே வேளையில் மதிப்பிட்டனர். மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

2020இல் இம்முறை நம் வாசலுக்கு வந்தது. மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. முகக்கவசம் அணிந்து நேரில் அமர்ந்தவரின் உதடுகளைக் காண இயலாதபோது, திரையில் தோன்றியவரின் முகம் முழுமையாகத் தெரிந்தது. மேபல் அம்மையாருக்குத் தொலைபேசி தர இயலாததைக் காணொளி தந்தது எனலாம்.

இவ்வாறு தொலைவு குறைந்தது. ஆயினும் தமிழ்க் குழந்தைக்கும் அதனை மதிப்பிடுபவருக்கும் இடையே வேறொரு தொலைவு எஞ்சியுள்ளது. உலகில் பரவலாக வழங்கும் சோதனைகள் பல, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டு நேர்முகச் சூழலில் தரப்படுத்தப்பட்டவை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். அத்தகைய வீட்டுக் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், இன்னும் கற்காத மொழி குறைபாடாகப் பதிவாகிவிடக்கூடும். மாறாக, மெய்யான குறைபாட்டை 'இருமொழிக் குழப்பம்' என்று ஒதுக்கிவிட்டால், உதவி கிடைக்கவேண்டிய ஆண்டுகள் வீணாகும். இரண்டும் குழந்தைக்கு இழைக்கப்படும் தீங்கே.

தமிழறிந்த வல்லுநர் சென்னையிலிருந்து கோலாலம்பூர்க் குழந்தையைக் காண இன்று வழியுண்டு. அவரும் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். காலை உணவு உண்ணும் படத்தைக் காட்டினால் இங்குள்ள குழந்தை 'பசியாறுறாங்க' என்று கூறும். சந்தையைப் 'பாசார்' என்று கூறும். இவை பிழைகள் அல்ல, நம் மண்ணின் வழக்குகள். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று ஒலிக்கும் குழந்தை, வீட்டில் கேட்டதையே திருப்பிச் சொல்லக்கூடும். மேலும், பகரமும் மகரமும் உதட்டில் தெரிவன. லகர, ளகர, ழகர வேறுபாடோ வாயினுள் நாநுனியின் வளைவில் அமைவது. அதனைக் கேமரா காட்டுவதில்லை. அங்கே தெளிவான ஒலியும் பழகிய செவியுமே துணை. இரைச்சலை நீக்கும் மென்பொருள் சில வேளைகளில் மெல்லிய ஒலிகளையும் நீக்கிவிடுவதால், ஐயமுள்ள சொற்களை மீண்டும் நேரில் கேட்பதே முறை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பங்குண்டு. திரையின் மறுபுறத்தில் குழந்தையோடு அமர்பவர் பெற்றோராகவோ நாமாகவோ இருப்போம். விடையை மெல்லச் சொல்லிக்கொடுப்பதும், தலையசைத்து ஊக்குவிப்பதும் அன்பின் செயல்களே. ஆயினும் அவை முடிவைத் திரித்துவிடும். ஒலிவாங்கி சரியாக இயங்குகிறதா, அறை அமைதியாக உள்ளதா, குழந்தை சோர்ந்துவிட்டதா எனப் பார்த்து உரைப்பதே நம் பணி. மதிப்பீட்டு அறிக்கை நம் கைக்கு வரும்போது மூன்றை வினவுவோம்: எந்தெந்த மொழிகளில் சோதித்தனர்? குழந்தையின் அருகில் யார் இருந்தார்? யாருடைய பிள்ளைகளோடு ஒப்பிட்டனர்? விடை தெளிவாக இல்லையெனில், வகுப்பிலும் திடலிலும் அக்குழந்தை பேசக் கேட்டவற்றை எழுதி வல்லுநருக்கு அனுப்புவோம்.