வாயைத் திறந்து பார்த்தவர்கள் யார்?

வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கு, கையுறை, பயிற்சி பெற்ற ஒருவரின் கண்ணும் விரலும் போதும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்புபோலத் திறக்காமை எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரிபவை. அப்படியிருந்தும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் நாங்கள் சந்திக்கும் தூய்மைப் பணியாளர்களில் பலர், கன்னம் வீங்கி, சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் முதன்முறையாக ஒரு மருத்துவர் முன் வாயைத் திறக்கிறார்கள். அறியாமை என்று இதை எழுதி முடிப்பது எளிது. வரலாறு வேறு சொல்கிறது.

சென்னைப் பொது மருத்துவமனையின் நிப்லாக், 1902இலேயே வெற்றிலை மெல்லும் பழக்கத்தையும் வாய்ப் புற்றையும் இணைத்து எழுதினார். அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஆர், 1933இல் 'லான்செட்' இதழில் வெற்றிலையோடு சேரும் புகையிலையைச் சுட்டிக்காட்டினார். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. பெரும் சாதனைதான். ஆனால் மருத்துவமனை, வந்தவரைத்தான் பார்க்கும்.

தேடிப் போய்ப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் விடை கிடைத்தது. 1996இல் 13 பஞ்சாயத்துகளில் ஆய்வு தொடங்கியது. ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. 2005இல் முடிவு வந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது.

இவ்வளவு மலிவான ஒன்று ஏன் நம் தெருக்களுக்கு வரவில்லை? இந்தப் பரிசோதனையில் ஒருவர் இன்னொருவரின் எச்சில் வாய்க்குள் விரல் விட வேண்டும். பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதோர் தரையில் துப்பாதிருக்கக் கழுத்தில் மண் கலயம் கட்டிக்கொண்டு நடந்ததை அம்பேத்கர் 1936இல் நினைவுபடுத்தினார். கலயம் போய்விட்டது. ஆனால் நாங்கள் போன ஒரு முகாமில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், 'புகையிலை போடுவீங்களா?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் தொனியே ஒரு தீர்ப்பு. சாக்கடை நாற்றத்தைத் தாங்கவும் பசியை அடக்கவும் ஹான்ஸ் போடுகிறோம் என்று அவர்கள் எங்களிடம் சொல்கிறார்கள். கையால் அள்ளும் வேலையைக் கொடுத்தவர்களிடம் யாரும் பழக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. 2013இல் தமிழக அரசு குட்காவைத் தடைசெய்தது. சோதனை பெட்டிக்கடைகளில் நடந்தது, அதை மென்ற வாய்களில் அல்ல.

முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள அனைவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் 2016இலேயே வந்துவிட்டது. புகையிலை போடுபவருக்கு ஐந்தாண்டு நீண்ட இடைவெளி என்பது எங்கள் கருத்து. தமிழக அரசு 2023இல் ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பரிசோதனையை முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று கன்னியாகுமரி, அதாவது நெய்யூர் இருக்கும் மாவட்டம். ஆர் எழுதித் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

எங்கள் பகுதியில் அழைப்புச் சீட்டு வீட்டுக்கு வந்தாலும், பரிசோதனை பகலில், ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அந்த நேரத்தில் குப்பை வண்டியோடு தெருவில் நிற்கிறார். ஒருநாள் விடுப்பு என்றால் அவருக்கு ஒருநாள் கூலி இல்லை. காலையில் வருகைப் பதிவேடு வைக்கும் இடத்திலேயே, டார்ச்சோடு ஒருவரை நிறுத்துங்கள் என்று வார்டு அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.